மதுரை – பலாலி: 217 கிலோமீட்டர், 46 நிமிடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

03.05.2025, இரவு 9.10 (தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்டது)

மதுரை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குத் தொலைவு 217 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் 46 நிமிடம் என்றும் ஓர் இணையதளம் காட்டுகிறது. என் தந்தைக்கு 74 வயது. அவருடைய தங்கை பருத்தித்துறையில் இருக்கிறார். முக்கால் மணி நேரம்தானே, காலையில் போய் மறுநாள் திரும்பிவிடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பயணச்சீட்டுத் தேடினால் ஏழு மணி, பதினொரு மணி என்று வருகிறது. எதை நம்புவது?

04.05.2025, காலை 6.30

தொலைவை நம்பலாம், நேரத்தை நம்ப வேண்டாம். மதுரைக்கும் பலாலிக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. இல்லாத விமானத்துக்கு நேரம் மட்டும் எப்படி வந்தது என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்கேள்வி. அதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் தொலைவு. மதுரை விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.83 பாகையிலும் (டிகிரி), பலாலி 9.79 பாகையிலும் இருக்கின்றன. ஆகவே ஏறத்தாழ ஒன்றுக்கொன்று நேர் கிழக்கு மேற்கு. தீர்க்கரேகையில் மதுரை 78.09, பலாலி 80.07, வேறுபாடு 1.98 பாகை. நம் பகுதியில் தீர்க்கரேகையின் ஒரு பாகை 109.7 கிலோமீட்டர் ஆகும். பெருக்கிப் பாருங்கள், 217 வருகிறது. இதற்குக் கணினியும் தேவையில்லை.

இனி நேரம். இத்தகைய தளங்களில் பத்துப் பன்னிரண்டு ஊர்களைக் கொடுத்துச் சோதித்தேன். எல்லாவற்றுக்கும் விடை ஒரே வாய்பாட்டில் அடங்குகிறது: தொலைவை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறவும் இறங்கவும் 30 நிமிடம் சேர்க்கிறார்கள். 217 கிலோமீட்டருக்கு 16 நிமிடம், அதனுடன் 30, ஆக 46. அந்த ஊர்களுக்கிடையே விமானம் ஓடுகிறதா, எந்த வகை விமானம், ஓடுபாதை எத்திசை என்று எதையும் அந்த வாய்பாடு கேட்பதில்லை.

உங்கள் தந்தைக்கு இப்போதுள்ள நல்ல வழி திருச்சி. கடந்த மார்ச் 30ஆம் தேதியிலிருந்து திருச்சி – யாழ்ப்பாணம் நேரடிச் சேவையை இண்டிகோ நடத்துகிறது. வான்வழித் தொலைவு 114.

04.05.2025, காலை 7.05

திருத்தம். மேலே 114 என்று நான் எழுதியது மைல், கிலோமீட்டரில் 184. என் குறிப்பேட்டில் மூன்று அளவுகளையும் அடுத்தடுத்து எழுதி வைத்திருந்ததில் கண் தவறிவிட்டது. சாலை மைல் 1.609 கிலோமீட்டர், நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகளும் நம் கடற்கரை விசைப்படகுக்காரர்களும் பயன்படுத்துவது பின்னது. ஆகவே திருச்சி – பலாலி 184 கிலோமீட்டர், 114 மைல், 99 நாட்டிக்கல் மைல். மதுரை – பலாலி 217 கிலோமீட்டர், 135 மைல், 117 நாட்டிக்கல் மைல். இணையதளங்களில் எண்ணைப் படிக்கும்போது பக்கத்திலுள்ள அலகையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

05.05.2025, இரவு 10.40

இந்த 46 நிமிடக் கணக்கில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று காரைக்குடி வாசகர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம், யாழ்ப்பாணத்திலிருந்த என் பெரியம்மா இறந்துபோனார். செய்தி எங்களுக்கு முற்பகல் பதினொன்றரைக்கு வந்தது. அம்மாவால் பயணம் செய்ய இயலாது என்பதால் நான் போவதென்று முடிவாயிற்று. அப்போது திருச்சியிலிருந்து சேவை கிடையாது. பயணச்சீட்டு எடுத்துக்கொடுக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, கணினியில் பார்த்துவிட்டு, "மதுரையில் ஏறினால் 46 நிமிடம், சாயங்காலமே போய்விடலாம்" என்றார். அந்த வார்த்தையை நான் அப்படியே யாழ்ப்பாணத்துக்குச் சொல்லிவிட்டேன். அவர்களும் எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

அரை மணி கழித்து அவரே அழைத்து, நேரடி விமானம் இல்லை, சென்னை போய்த்தான் போக வேண்டும் என்றார். என் ஊரான தொண்டியிலிருந்து பிற்பகல் 2.15க்குக் கிளம்பி, மதுரை விமான நிலையத்தை ஐந்து மணிக்கு அடைந்தேன். மாலை விமானத்தில் சென்னை. இரவு பல்லாவரத்தில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்திருந்தேன். உறங்கினேன் என்று சொல்ல முடியாது. மறுநாள் முற்பகல் விமானத்தில் பலாலி இறங்கி, குடிவரவுச் சோதனை முடிந்து வெளியே வரும்போது மணி 12.20. வீட்டுக்குப் போனபோது சுடலையிலிருந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். பத்து மணிவரை பொறுத்துப் பார்த்தோம், அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வாசலில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நாற்காலிகளில் ஈரம் இன்னும் காயவில்லை.

பறந்த தொலைவைப் பின்னர் கணக்கிட்டேன். மதுரை – சென்னை 417 கிலோமீட்டர், சென்னை – பலாலி 355, ஆக 772. என் வீட்டிலிருந்து பலாலிக்கு நேர்க்கோட்டில் 115 கிலோமீட்டர்தான். 22 மணி 5 நிமிடத்தில் 115 கிலோமீட்டர் என்றால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். மனிதன் நடக்கும் வேகம். சென்னை வழி என்று முதலிலேயே தெரிந்திருந்தால் வீட்டுக்காரர்களிடம் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்; ஓர் இரவு அவர்கள் அலைக்கழிந்திருக்க மாட்டார்கள். அந்த 46 என்ற எண்ணின்மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான்.

07.05.2025, மாலை 5.20

மேலே 115 கிலோமீட்டர் என்று எழுதியபின் ஓர் ஐயம் வந்து, வரைபடத்தை விரித்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கண்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதுரை விமான நிலையத்திலிருந்து பலாலிக்கு ஒரு கோடு இழுத்தால் அது சிவகங்கையையும் காளையார்கோவிலையும் ஒட்டிப் போகிறது; திருவாடானைக்குச் சற்று வடக்கே நகர்ந்து, சுந்தரபாண்டியன்பட்டினத்தை ஒட்டிக் கரையைத் தாண்டிப் பாக் விரிகுடாவில் இறங்குகிறது. தொண்டிக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குள். அந்தக் கோட்டின் நடுப்புள்ளி தீர்க்கரேகை 79.08. சுந்தரபாண்டியன்பட்டினத்துக் கரையும் ஏறத்தாழ அதே 79.08. அதாவது 217 கிலோமீட்டரில் பாதி தரை, பாதி கடல். பாதிவழி நம் ஊர்க்கரை.

கொச்சியிலிருந்து மூணாறு, மதுரை, சிவகங்கை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 தொண்டியில் முடிகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சாலை முடிகிற இடத்துக்கு நேர் எதிரே, சாலை வந்த தூரத்தில் மதுரையிலிருந்து நம் ஊர்வரை எவ்வளவோ அவ்வளவே இன்னும் போனால், பலாலி. இத்தனை நாள் அந்தச் சாலையில் பேருந்தில் போய் வந்திருக்கிறேன். ஒருமுறையும் இது தோன்றவில்லை.

விளைவு என்னவென்றால், பாதிவழியில் குடியிருக்கும் நாம் விமானம் ஏறுவதற்காக மதுரைக்குப் பின்னோக்கி 118 கிலோமீட்டர் போகிறோம். அல்லது திருச்சிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் போகிறோம். விமானத் தொலைவு என்று தளங்கள் காட்டும் எண்ணில் இந்தத் தரைத் தொலைவு எங்கும் வருவதில்லை.

08.05.2025, காலை 8.00

பூமி உருண்டை என்பதால் 217 என்பது உண்மையில் இன்னும் கூடும் என்று எழுதியவருக்கு: 217 என்பது பூமியின் வளைவின்மேல் அளந்த தொலைவே. பூமியைக் குடைந்து நேராகச் சுரங்கம் போட்டாலும் 10 மீட்டர் அளவுக்குத்தான் குறையும். ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் 170 மீட்டர் கூடும். இவை இரண்டும் ஒரு நொடி, இரண்டு நொடிக்கு மேல் பெறா. வளைவை விட்டுவிடலாம்.

23.05.2025, இரவு 9.30, யாழ்ப்பாணத்திலிருந்து

அண்ணன் மகளுக்குத் திருமணம். நேற்றுத் திருச்சி வழியாக வந்தேன். இந்த இழைக்காகவே கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் சிறு நோட்டில் குறித்துக்கொண்டேன். அப்படியே தருகிறேன்.

தொண்டியிலிருந்து காலை 8.30க்குக் கார். மீமிசல், அறந்தாங்கி, புதுக்கோட்டை வழி. அறந்தாங்கியில் காலை உணவுக்கு இருபது நிமிடம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. இது நமக்கு ஒரு பெரிய வசதி. 11.25க்கு வாசல். பெட்டி போட்டு, குடிவரவும் பாதுகாப்புச் சோதனையும் முடித்து உட்கார 12.20 ஆயிற்று.

விமானம் ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுழலும் வகை. 1.34க்குக் கதவு மூடினார்கள். 1.38க்கு நகர்ந்தது. 1.49க்குச் சக்கரம் தரையை விட்டது. 2.27க்குச் சக்கரம் பலாலியில் தரையைத் தொட்டது. 2.35க்குக் கதவு திறந்தது. வெளியே வந்தபோது 3.10.

ஆக, வானத்தில் 38 நிமிடம். கதவு மூடியதிலிருந்து திறக்கும்வரை 61 நிமிடம். வீட்டு வாசலிலிருந்து பலாலி வாசல்வரை 6 மணி 40 நிமிடம். சென்ற ஆண்டு 22 மணி 5 நிமிடம் ஆனதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள். பெரியம்மா இறந்த அன்று இந்தச் சேவை இருந்திருந்தால் என்று விமானம் இறங்கும்போது நினைத்துக்கொண்டேன்.

வாய்பாட்டுத் தளம் திருச்சி – பலாலிக்கு 44 நிமிடம் சொல்கிறது. 38க்கும் 61க்கும் நடுவே நிற்கும் அந்த 44, வானத்தில் இருந்த நேரமும் அன்று, இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரமும் அன்று.

வழியில் கண்டது ஒன்று. நான் வலப்பக்கச் சன்னலோரம் இருந்தேன். மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கரை தாண்டியதும் கடல் முதலில் சேற்று நிறமாக, பிறகு பச்சையாக, பிறகு சாம்பல் நிறமாக மாறிக்கொண்டே போனது. மேலிருந்து பார்க்கும்போதுதான் பாக் விரிகுடா எவ்வளவு ஆழமற்றது என்று கண்ணுக்குப் பிடிபடுகிறது.

26.05.2025, இரவு 8.15

ஊர் திரும்பிவிட்டேன். ஏடிஆர் நிலையாகப் பறக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர். 184 கிலோமீட்டருக்கு 22 நிமிடம் போதுமே, 38 எப்படி ஆயிற்று என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு விடை, வேகத்தில் மட்டுமன்று, காற்றின் திசையிலும் இருக்கிறது. நம் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

விமானம் எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே எழும், இறங்கும். ஓடுபாதையின் இரு முனைகளிலும் எழுதியிருக்கும் எண்கள் திசையைக் குறிப்பவை; பாகையில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். திருச்சியில் 09, 27. அதாவது 90 பாகை கிழக்கு, 270 பாகை மேற்கு. பலாலியில் 05, 23. அதாவது வடகிழக்கும் தென்மேற்கும்.

வைகாசியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிறது. ஆகவே திருச்சியில் மேற்கு முகமாக ஓடி, யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்தோம், பிறகு திரும்பினோம். இந்த முனையில் மூன்று நிமிடம் போயிற்று. மறுமுனையில் தென்மேற்கு முகமாக இறங்க வேண்டும் என்பதால், வடமேற்கிலிருந்து வந்த விமானம் நேரே இறங்க முடியாமல், காங்கேசன்துறைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை வலப்பக்கம் விட்டுக் கடலிலேயே கிழக்கே போய், அங்கே வளைந்து, மயிலிட்டிக் கரைப்பக்கமாக உள்ளே வந்தது. இங்கே ஐந்து நிமிடம். மீதி எட்டு நிமிடம் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கழிந்தது. ஏறும்போது ஏடிஆரின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், 510 அன்று. இவ்வளவு குறுகிய பயணத்தில் நிலையாகப் பறக்கும் பகுதி மிகச் சிறிது.

வாடைக்காலத்தில், மார்கழி தை மாதங்களில், இது தலைகீழாகும். திருச்சியில் கிழக்கு முகமாகவே எழலாம். பலாலியில் காரைநகர்ப் பக்கமிருந்து வடகிழக்கு முகமாக இறங்கலாம். சில நிமிடம் மிச்சமாகும் என்று எதிர்பார்க்கிறேன். தையில் ஒருமுறை போய் அதையும் குறித்து வர எண்ணியிருக்கிறேன்.

மதுரைக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். மதுரை ஓடுபாதையும் 09, 27. பலாலியோ மதுரைக்கு நேர் கிழக்கு. வாடைக்காலத்தில் மதுரையில் 09இல் ஓடி எழும் விமானம், எழுந்த நொடியிலேயே பலாலியைப் பார்த்தபடி இருக்கும். திரும்ப வேண்டியதே இல்லை. அப்படி ஒரு சேவை வந்தால் வானத்தில் 35 நிமிடம் போதும் என்பது என் கணிப்பு.

27.05.2025, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். காற்றின் திசை என்று சொன்னதை, காற்று விமானத்தைத் தள்ளுவதாகவும் தடுப்பதாகவும் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் வாக்கியமும் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முதுகில் வீசினால் 184 கிலோமீட்டர் 20 நிமிடமாகும்; எதிரே வீசினால் 23 நிமிடத்துக்குச் சற்று மேல். வேறுபாடு மூன்றரை நிமிடம். ஓடுபாதைத் திசையால் போகும் நேரம் அதைவிடக் கூடுதல். சிங்கப்பூர், துபாய் போன்ற நெடும் பயணங்களில்தான் தள்ளும் காற்றும் தடுக்கும் காற்றும் பெரிய கணக்கு.

மற்றொன்று. நேர்க்கோட்டில் பறப்பதாக வைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன். விமானங்கள் வகுத்த வான்பாதைகளில் போகின்றன. சில கிலோமீட்டர் அங்கங்கே கூடும். ஆகவே நான் பிரித்துச் சொன்ன மூன்று, ஐந்து, எட்டு என்ற நிமிடங்கள் சன்னலோரம் பார்த்துக் குறித்த மதிப்பு. 38 மட்டுமே கடிகாரம் சொன்னது.

01.06.2025, பிற்பகல் 1.10

இலங்கை நேரம் அரை மணி முன்னால் என்பதால் என் குறிப்பில் அரை மணி விடுபட்டிருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 1996 முதல் சில ஆண்டுகள் அங்கே நம்மைவிட நேரம் முன்னால் இருந்தது உண்மை. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக் கணக்குக்கே வந்துவிட்டார்கள். இப்போது இரண்டு கரைக்கும் ஒரே நேரம். பயணச்சீட்டில் இருக்கும் இரண்டு நேரங்களை நேராகக் கழித்துக்கொள்ளலாம். பழைய நினைவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க.

05.06.2025, இரவு 9.45

விமானத்தை விட்டுக் கப்பலுக்குப் போகலாமே என்று இராமேசுவரத்து நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்விதான், இதே தொலைவுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் ரயில் ஏறியவர் அதே சீட்டில் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்புவரை போகலாம். இடையிலிருந்த கடல் 22 மைல்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு இராமேசுவரத்திலிருந்து சில காலம் கப்பல் ஓடி, எண்பதுகளில் அதுவும் நின்றது. என் பாட்டி அந்தக் கப்பலில் போனவர். இரவு தனுஷ்கோடி, விடிந்தால் மன்னார் என்பார். மன்னார் மாவட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அதைவிடக் குறுகிய வழி இன்றும் வேறு இல்லை; ஆனால் அந்தக் கப்பல் இப்போது இல்லை.

இப்போதிருப்பது நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டிலிருந்து மறுபடி ஓடுகிறது. ஏறத்தாழ 60 நாட்டிக்கல் மைல், நான்கு மணி நேரம். காங்கேசன்துறையும் பலாலியும் அடுத்தடுத்த இடங்கள்தாம். ஆனால் நம் ஊரிலிருந்து நாகைக்குச் சாலையில் போவது திருச்சிக்குப் போவதைவிடத் தொலைவு. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேவையும் நிற்கும். மூட்டை முடிச்சு அதிகம் உள்ளவர்களுக்குக் கப்பல் நன்று. முதியவர்களுக்கும் அவசரத்துக்கும் திருச்சி விமானமே நன்று என்பது என் கருத்து.

இதில் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. தொண்டிக்கும் பலாலிக்கும் நேர்க்கோட்டில் 62 நாட்டிக்கல் மைல். நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் உள்ள அதே தொலைவு. பக்கத்து வீட்டில் விசைப்படகு ஓட்டும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் ஜிபிஎஸ் கருவியை எடுத்து வந்து திண்ணையில் வைத்து, எண்களை அழுத்திப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சொல்றீங்க" என்றார். பிறகு எதுவும் பேசாமல் கருவியை அணைத்துத் துணிப்பையில் சுற்றி எடுத்துப் போனார். எல்லைக்கோடு நடுவில் இருக்கிறது. அவருக்கு அந்தத் தொலைவு வேறு பொருள் தருவது.

09.06.2025, காலை 7.20

உச்சிப்புளியில் விமானதளம் இருக்கிறதே, அங்கிருந்து பறக்கலாமே என்ற கேள்வி மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. அது கடற்படையின் தளம், ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரில் 2009இல் நிறுவப்பட்டது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டப் பட்டியலில் இராமநாதபுரத்தின் பெயர் இடம்பெற்றது உண்மை. பயணியர் சேவை தொடங்கவில்லை. அங்கிருந்து பலாலிக்கு 131 கிலோமீட்டர். வாய்பாட்டுத் தளத்தில் கொடுத்துப் பார்த்தேன். தயங்காமல் 40 நிமிடம் என்று விடை தந்தது. பயணி ஒருவர்கூட ஏற முடியாத தளத்திலிருந்தும் அது பறக்கும் நேரம் சொல்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு விடையைக் கண்டு பெட்டி கட்டினால், முதலில் விமான நிறுவனத்தின் கால அட்டவணையில் அந்தச் சேவை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

14.06.2025, இரவு 8.30

தேவிபட்டினத்து வாசகிக்கு. தந்தை ஆடி பிறப்பதற்குள் போக விரும்புகிறார், என்ன திட்டம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஊரிலிருந்து தொண்டி வழியாக வர வேண்டாம். இராஜசிங்கமங்கலம், தேவகோட்டை, காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை என்று போங்கள். திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 165 கிலோமீட்டர். வயதானவர் என்பதால் இடையில் இரண்டு முறை நிறுத்தி, நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமான நேரத்துக்கு மூன்று மணி முன்னதாக வாசலில் இருப்பது நல்லது. விமானத்தில் ஒரு மணி. பலாலியில் வெளியே வர முக்கால் மணி. பருத்தித்துறைக்கு அங்கிருந்து காரில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. கூட்டினால் ஒன்பதேகால் மணியிலிருந்து ஒன்பதரை மணி நேரம் ஆகிறது. 46 நிமிடம் என்று அவரிடம் முன்பு சொன்னதை மாற்றி, ஒரு பகல் முழுதும் ஆகும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மனம் அதற்கேற்பத் தயாராகிவிடும். மறுநாளே திரும்பும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். குறைந்தது மூன்று இரவாவது தங்கட்டும்.

அவருக்கு முழங்கால் வலி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறும் வாசல் பின்பக்கம் இடப்புறத்தில் இருக்கிறது; கதவோடு சேர்ந்த சில படிகள்தாம், பெரிய விமானத்தின் உயரமான ஏணி அன்று. நான் வந்த விமானத்தில் ஒரு மூதாட்டி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரு காலையும் வைத்து வைத்து ஏறினார், யாரும் அவசரப்படுத்தவில்லை. இருந்தாலும் பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். பின்பக்கம் ஏறுவதால் பின்வரிசை இருக்கை கேட்டால் உள்ளே நடக்கும் தூரமும் குறையும்.

ஆனி மாதம் கச்சான் பலமாக இருக்கும். ஆகவே இறங்குவதற்கு முன் விமானம் கடற்பக்கமாகச் சுற்றி வளையும். ஏதோ கோளாறு என்று அவர் அஞ்ச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வலப்பக்கச் சன்னலோரம் கிடைத்தால், வளையும்போது வடமராட்சிக் கரை தெரியும். தங்கை இருக்கும் பருத்தித்துறை அந்தக் கரையின் கிழக்குக் கோடியில்தான் இருக்கிறது.